நான்கு விநாடி மௌனம்

ஜூன் 2, திங்கள்

எழுதி வைத்தால் பழக்கம் மாறும் என்று போகிற மேடையெல்லாம் சொல்கிறேன். எனக்கு மாறுகிறதா என்று பார்க்கத்தான் இந்த நோட்டு. மூன்று பழக்கம் போதும். தினம் மூன்று லிட்டர் தண்ணீர், அரை மணி நடை, அப்பாவுக்கு ஒரு போன்.

நோட்டு தொலைந்தால் எடுத்தவர் குழம்ப வேண்டாம் என்பதற்காக என்னைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். பெயர் வடிவு. வயது முப்பத்தெட்டு. தரமணியில் ஒரு பிராண்டு ஆலோசனை நிறுவனத்தில் நடத்தை அறிவியல் பிரிவுக்குத் தலைமை. ஜனங்கள் ஒரு பொருளை ஏன் வாங்குகிறார்கள், ஏன் பாதியில் விடுகிறார்கள் என்று கவனித்து, பிராண்டு எப்படிப் பேச வேண்டும் என்று சொல்வது என் பிழைப்பு. அப்பா இதைக் கேட்டுவிட்டு, "அப்பம் நீ ஆளுக மனசுக்குள்ள லைன் இழுக்கிற வேலை பாக்க" என்றார். முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் ஆபீசில் இருந்தவருக்கு எல்லாமே லைன்தான். அம்மா போன பிறகு கோவில்பட்டி வீட்டில் தனியாக இருக்கிறார்.

தண்ணீர் இரண்டரை லிட்டர். நடை ஆயிற்று. போன் நாளை.

ஜூன் 5, வியாழன்

பெருந்துறையிலிருந்து சென்னியப்பன் வந்திருந்தார். அறுபது தாண்டியவர்களுக்கான சத்துமாவு தயாரிக்கிறார், பெயர் தெம்பமுது. மாதாமாதம் வீட்டுக்கே டப்பா போகும். ஆனால் மூன்றாவது மாதமே பாதிப்பேர் போன் போட்டு நிறுத்திவிடுகிறார்களாம். "புடிச்சு வெக்கோணுமுங்க அம்மிணி. எப்படிப் புடிக்கறீங்களோ தெரியாது" என்றார். பிடித்து வைப்பது என்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

தண்ணீர், நடை இரண்டும் ஆயிற்று.

ஜூன் 11, புதன்

கிடைத்துவிட்டது! சாத்தூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில் இரண்டு முத்து.

ஒன்று: ஒரு அம்மாவிடம் கேள்விகள் முடிந்து, எங்கள் குழுவின் ரெஹானா எழுந்து, "நான் போறேன்மா" என்றாள். சென்னைப் பெண், பழக்கமில்லை. அந்த அம்மா பதறிப்போய், "போறேன்னு சொல்லாத தாயி, போயிட்டு வாரேன்னு சொல்லு" என்று அவளைத் திரும்ப உட்காரவைத்து, திரும்பச் சொல்லவைத்துத்தான் அனுப்பினார். எனக்கு அங்கேயே பொறி தட்டியது. ஒரு பொருளை நிறுத்துவதற்கு "போறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும் என்று வைத்தால், நம் ஊரில் எத்தனை பெரியவர்களுக்குச் சொல்ல வாய் வரும்?

இரண்டு: நம் வீடுகளில் முதல் தடவை "போதும்" என்றால் போதும் என்று அர்த்தமில்லை. இலையை இரண்டு கையாலும் மறைத்து மூன்றாம் தடவை சொன்னால்தான் பரிமாறுகிறவர் நம்புவார். ஆகவே மூன்று தடவை கேட்கலாம். யாருக்கும் கோபம் வராது. உபசாரம் என்றே நினைப்பார்கள்.

ரெஹானா, "மேம், இது கொஞ்சம் ஒரு மாதிரியா இல்ல?" என்று கேட்டாள். கேள்வி கேட்டே வாழ்கிற பெண். "கதவை யாரும் பூட்டலம்மா, வாசல்ல நின்னு வழியனுப்புறோம்" என்றேன். நல்ல வரியாக வந்துவிட்டதால் சென்னியப்பனுக்குக் காட்டப்போகிற வழங்குரை ஸ்லைடிலும் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 14, சனி

தானியங்கித் தொலைபேசிக்கான உரையாடல் தயார். நகலை இங்கே ஒட்டிவைக்கிறேன், பெருமைக்குத்தான்.

"வணக்கம், தெம்பமுது. சாப்பிட்டீங்களா?" (நான்கு விநாடி மௌனம். அவர்களாக ஏதாவது சொல்லட்டும். ஒருவரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டால் அவரை விட்டுப் போக மனசு வராது.)

"நிறுத்தணும்னா 'போறேன்'னு சொல்லுங்க. கொஞ்ச நாள் கழிச்சுத் தொடரணும்னா 'போயிட்டு வரேன்'னு சொல்லுங்க."

"போறேன்" என்றால், முதல் தடவை: "அட, போறேன்னு சொல்லலாமா? போயிட்டு வரேன்னு சொல்லுங்க." இரண்டாம் தடவை: "நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா?" மூன்றாம் தடவையும் சொன்னால் விட்டுவிடுவது.

"போயிட்டு வரேன்" என்றால்: "சந்தோஷம். கையில இருக்கிற டப்பாவை வீணாக்காதீங்க. நாளைக்குக் காலையில ஒரு டம்ளர் குடிப்பீங்கதானே?" இதற்கு "குடிக்கிறேன்" என்று வாயால் சொன்னவர் குடிப்பார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற தலைமுறை அது. பத்தாம் நாள் அடுத்த டப்பா தானாகப் போய்விடும்.

குரல் கொடுக்க ஒரு தொழில்முறைப் பெண்ணை அழைத்திருந்தோம். அரிச்சந்திரன் நாடகம் மாதிரிப் பேசினாள். மாதிரிக்காக நான் பேசி வைத்திருந்ததைத்தான் கேட்டவர்கள் எல்லோரும் தேர்ந்தெடுத்தார்கள். "நம்ம வீட்டுப் பிள்ள மாதிரி இருக்கு" என்று ஒரு பெரியவர் சொன்னாராம். ஆக, தென் மாவட்டங்களில் அறுநூறு பேருக்குத் திங்கள் முதல் என் குரல்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

அப்பா காலையிலேயே கூப்பிட்டார். சிறுநீரகம் சரியில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். சத்துமாவு எதுவும் கூடாது, புரதம் கூடாது, உடனே நிறுத்தச் சொல்லியிருக்கிறார். சென்னியப்பன் வந்துபோன மறுநாள்தான் அப்பாவைத் தெம்பமுதுவில் நான் சேர்த்துவிட்டிருந்தேன், டப்பா ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க.

"நீயே சொல்லி நிறுத்திரேன் பாப்பா. உனக்குத் தெரிஞ்ச ஆளுகதானே."

"எனக்கு மீட்டிங் இருக்குப்பா. நம்பர் அனுப்புறேன், நீங்களே பேசிச் சொல்லிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

என் வாடிக்கையாளரை நானே ஓடச் சொல்லியிருக்கிறேன். சென்னியப்பனுக்குத் தெரிந்தால் போச்சு.

போன் பழக்கம் ஒருவழியாக இன்று ஆயிற்று. அவர் கூப்பிட்டதுதான், இருந்தாலும் கணக்கில் சேர்த்தேன்.

ஜூன் 20, வெள்ளி

அப்பாவிடமிருந்து இரண்டு தவறிய அழைப்பு. வாட்ஸப்பில் ஆறு விநாடிக் குரல் செய்தி ஒன்று. சாயங்காலம் கேட்கலாம் என்று வைத்தேன். நடை ஆகவில்லை, மழை.

ஜூலை 4, வெள்ளி

முன்பு மாதம் நூற்றுக்கு முப்பத்தொன்று பேர் தெம்பமுதுவை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒன்பது! அலுவலகத்தில் கேக் வெட்டினோம். சென்னியப்பன் போனிலேயே, "அம்மிணி, போட்டுத் தாக்கிட்டீங்க போங்க" என்றார். ஆகஸ்டில் பெருந்துறைக்கு வந்து எல்லா முகவர்களுக்கும் விளக்க வேண்டுமாம்.

ஜூலை 12, சனி

அப்பா இப்போதெல்லாம் அடிக்கடி கூப்பிடுவதில்லை. முன்பு தினம் இரண்டு தடவை வரும். தனிமை பழகிவிட்டது போலிருக்கிறது. நல்லதுதான்.

தண்ணீர் மூன்று லிட்டர், தொடர்ந்து பதினோராவது நாள்.

ஜூலை 21, திங்கள்

ரெஹானா ஒரு பட்டியலோடு வந்து நின்றாள். சிலர் ஒரே மாதத்தில் பத்து தடவை, இருபது தடவை கூப்பிட்டிருக்கிறார்களாம். பெயரும் எண்ணும் எங்களுக்குத் தெரியாது, மறைத்துத்தான் வரும். முதலிடத்தில் 'தெற்கு 118'. முப்பத்திரண்டு நாளில் இருபத்தாறு அழைப்பு. ஒவ்வொன்றும் "போயிட்டு வரேன்" என்றே முடிகிறது.

"மேம், இவங்க நிறுத்தக் கூப்பிடல. சும்மா பேசக் கூப்பிடுறாங்க. அதுகிட்ட."

"அதுக்குப் பேருதான் விசுவாசம்."

"இல்ல மேம். மனசுக்குக் கஷ்டமா இருக்கு எனக்கு. ஒரு தடவை ஆடியோ கேட்டுப் பாருங்களேன்."

எழுத்தாக மாறி வந்ததைப் படித்தாலே போதும் என்றேன். தெற்கு 118 ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்: "சாப்ட்டேன் பாப்பா. நீ சாப்ட்டியா." பாப்பாவாம்! ஒரு சத்துமாவு டப்பாவைப் பாப்பா என்று கூப்பிட வைத்துவிட்டேன். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இது?

ஆகஸ்ட் 1, வெள்ளி

பெருந்துறை வழங்குரைக்குத் தெற்கு 118-ஐ நடுநாயகமாக வைத்தேன். தலைப்பு நானே எழுதியது: 'பிராண்டை மகளாகவே பார்க்கும் வாடிக்கையாளர்'. ஓர் ஆடியோத் துண்டைச் சேர்க்கச் சொல்லி ரெஹானாவிடம் சொன்னேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 6, புதன்

அப்பாவிடம் பேசினேன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. கால் லேசாக வீங்கியிருக்கிறதாம், வயசு என்று சொன்னார்.

"மாவை நிறுத்திட்டீங்கதானே?"

"அதுகிட்ட சொல்லிட்டேன் பாப்பா."

"எதுகிட்ட?"

"அதான், நீ குடுத்த நம்பர்ல." சிரித்தார். "நீ சாப்ட்டியா?"

அதற்குள் முகவர் கூட்டத்துக்கான அழைப்பு குறுக்கே வந்துவிட்டது. அப்புறம் பேசுறேன்ப்பா என்று வைத்துவிட்டேன். இருந்தாலும் போன் ஆயிற்று.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுதத் தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டபம். எண்பது முகவர்கள், முன்வரிசையில் சென்னியப்பன். எட்டாவது ஸ்லைடு. என் தலைப்பு திரையில் வந்தது, ஒரு சிரிப்பு எழுந்தது. ரெஹானா ஆடியோவைப் போட்டாள்.

முதலில் என் குரல். "வணக்கம், தெம்பமுது. சாப்பிட்டீங்களா?"

பிறகு ஓர் இருமல்.

இருமல் கேட்ட உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் எழுந்ததும் முதல் வார்த்தை பேசுவதற்கு முன் அப்பா அப்படித்தான் இருமுவார். முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்கிற இருமல்.

"சாப்ட்டேன் பாப்பா. ரசஞ்சோறுதான். நீ சாப்ட்டியா?"

நான்கு விநாடி. மண்டபத்தின் நான்கு மூலையிலும் இருந்த ஒலிபெருக்கியில் எங்கள் வீட்டு மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அதன் ஒரு இறக்கை வளைந்திருக்கிறது, தீபாவளிக்கு வந்து மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அப்பா பதிலுக்குக் காத்திருந்தார். எண்பது பேரும் அவர் காத்திருப்பதைக் கேட்டார்கள்.

பிறகு என் குரல், எதுவும் கேட்காதது போல, நிறுத்தணும்னா போறேன்னு சொல்லுங்க என்றது. அப்பா, "போயிட்டு வாரேன்" என்றார். குடிப்பீங்கதானே என்று கேட்டது. "குடிக்கேன் பாப்பா. நீ சொல்லி குடிக்காம இருப்பனா?"

கைதட்டல். சென்னியப்பன் எழுந்து நின்றே தட்டினார். "யாருங்க அம்மிணி இந்தப் பெரியவரு? இவரையவே விளம்பரத்துல போட்டுப்புடலாமாட்ட இருக்குதுங்க!"

எனக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்தேன். அடுத்த ஸ்லைடு என்று சொன்னேன். அதற்குப் பிறகு பதினான்கு ஸ்லைடு இருந்தன, பதினான்கையும் பேசினேன். கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். பொன்னாடை போர்த்தினார்கள். தெற்கு 118-இன் எல்லா ஆடியோவையும் எனக்கு அனுப்பு என்று ரெஹானாவிடம் சொல்லிவிட்டு மண்டபத்தை விட்டு இறங்கினேன்.

பொன்னாடையோடுதான் ஈரோடு ஸ்டேஷனில் நின்றிருக்கிறேன். மதிய ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அதே நாள், ரயிலில்

ரெஹானா எல்லா ஆடியோவையும் அனுப்பிவிட்டாள். நாற்பத்தொன்று. எதற்கு என்று கேட்கவில்லை. அனுப்பிவிட்டு, "அப்பாவா மேம்?" என்று மட்டும் எழுதியிருந்தாள். ஆமாம் என்று பதில் போட எனக்குத் திண்டுக்கல் வரை ஆனது.

கரூரிலிருந்து மதுரை வரை கேட்டேன். ஜூன் 19, முதல் அழைப்பு. "சாப்பிட்டீங்களா?" என்றதும், "யாரு? பாப்பாவா?" என்கிறார். என் குரல் மேலே பேசிக்கொண்டே போகிறது. "பாப்பா... ஏய் பாப்பா..." என்கிறார். பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. "போறேன்" என்கிறார், டாக்டர் சொன்னபடி. அட, போறேன்னு சொல்லலாமா என்று நான் கேட்கிறேன். "ஆமா, ஆமா. தப்புதான். போயிட்டு வாரேன்."

பத்தொன்பதாவதில் அம்மாவின் திதி என்று சொல்கிறார். எனக்கு நினைவில்லை. நோட்டில் அந்த நாளைத் திருப்பிப் பார்த்தேன். 'தண்ணீர் மூன்று லிட்டர்' என்று இருக்கிறது.

இருபத்திரண்டாவதில் பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர். இருபத்தேழில் செருப்பு வாங்கினாராம், கால் வீங்கியிருப்பதால் ஒரு அளவு பெரிதாக. முப்பத்தைந்தில் சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி வருகிறது என்கிறார். "ஒண்ணுமில்ல பாப்பா, பயப்படாத" என்கிறார். நான் பயப்படவில்லை. டப்பாவை வீணாக்காதீங்க என்கிறேன். என் குரலா இது? என் குரல்தான். பாவி, என் குரல்தான்.

ஒவ்வொன்றிலும் அந்தக் கேள்வி இருக்கிறது. நீ சாப்ட்டியா. ஒவ்வொன்றிலும் நான்கு விநாடி. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மா ஒரு ஆரஞ்சுச் சுளையை நீட்டி, "ஏம்மா அழுவுற?" என்றார்.

வாட்ஸப்பில் அந்த ஆறு விநாடிச் செய்தி ஜூன் 20-லிருந்து அப்படியே கிடந்தது. இப்போதுதான் திறந்தேன். "பாப்பா, அது நீதானே? நல்லா பேசியிருக்க. சாப்ட்டேன்."

ஆகஸ்ட் 13, புதன்

நேற்றுக் கோவில்பட்டியில் இறங்கி வீட்டுக்குப் போனபோது அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. "வா பாப்பா, சொல்லாம வந்துட்ட" என்றார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அடுப்படியில் ஐந்து டப்பா. நான்கு காலி, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். ஐந்தாவது பாதி.

ஆம்புலன்சில் திருநெல்வேலி கொண்டுவந்தேன். பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறதாம். டாக்டர் சின்ன வயசுக்காரர், என்னைப் பார்த்து, "படிச்சவங்கதானே நீங்க? நிறுத்தச் சொல்லியும் ரெண்டு மாசமா எப்படிக் குடிச்சாரு? வீட்டுல யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் இதயமே நின்றிருக்கலாம் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். எப்படிக் குடித்தார் என்று அந்த ஆஸ்பத்திரியிலேயே எனக்குத்தான் தெரியும்.

இன்று டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தண்ணீர் அளவு குறித்து வைக்கிறேன். என்னுடையது இல்லை. அப்பாவுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அனுமதி.

ஆகஸ்ட் 16, சனி

இன்று பேசும் தெம்பு வந்தது அப்பாவுக்கு. தெம்பு என்ற வார்த்தையை எழுதவே கூசுகிறது.

கேட்டேவிட்டேன். "ரெக்கார்டுன்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியாதாக்கும்? முப்பத்திரண்டு வருசம் காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தவன்ட்ட கேக்க. ரெண்டாவது தடவையே தெரிஞ்சுட்டு. ஒரே மாதிரி மூச்சு விடுத, ஒரே இடத்துல."

"பின்ன ஏன்ப்பா கூப்பிட்டீங்க?"

"உனக்குப் போட்டா மீட்டிங்ல இருப்ப. அது உடனே எடுக்கும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பதறினார். "உன்னைக் குத்தம் சொல்லல பாப்பா."

"மாவை ஏன் குடிச்சீங்க? டாக்டர் அவ்வளவு சொன்னாரே."

"குடிப்பீங்கதானேன்னு நீ கேக்க. ஆமான்னு சொல்லியாச்சு. சொல்லிட்டுக் குடிக்காம இருந்தா பொய்யில்லா?"

"யார்கிட்டப்பா பொய்? மெஷின்கிட்டயா?"

"உன் குரல்கிட்ட" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். "கேட்டுட்டு ஒரு இடைவெளி விட்ட பாரு, அதுதான் நல்லா இருந்துச்சு. யாரும் அப்பிடி விட மாட்டாக. கேட்டுட்டு அவுகளே பேசிட்டுப் போயிருவாக."

எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். அந்த நான்கு விநாடியை மூன்றா, ஐந்தா என்று இரண்டு நாள் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள் நான். நான்கில்தான் அதிகம் பேர் மாட்டினார்கள். மாட்டினார்கள் என்றுதான் அன்றைக்கு அறிக்கையிலும் எழுதினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சென்னியப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தெற்கு 118 என் அப்பா என்றும் சொன்னேன். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "குரலை மட்டும் மாத்திப்புடலாமுங்க. வியாழக்கிழமையிலிருந்து வேற பொண்ணு பேசட்டும். திட்டம் நல்ல திட்டமுங்க அம்மிணி, அதைய எதுக்குக் கெடுக்கோணும்?" என்றார்.

ஒரே தடவை 'நிறுத்து' என்றால் நிறுத்த வேண்டும், காலையில் குடிப்பீங்கதானே என்று கேட்கவே கூடாது என்றேன். டாக்டர் சொல்லி நிறுத்துகிறவர்கள் இருப்பார்கள் என்றேன்.

"அதுக்குத்தானுங்க டப்பாவுல எழுதியிருக்குது. எங்கப்பனுக்கும் கிட்னி கோளாறுதான், நாங்க குடுக்கறதில்லீங்களே."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் போன் கையில் கனத்தது. இனி இந்த வேலையில் நான் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். இரண்டு மாதத்துக்கு முன் இதையே வேறு யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால், நானும் குரலை மட்டும் மாற்றலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பத்து தடவைக்கு மேல் கூப்பிட்டவர்கள் அப்பாவைத் தவிர அறுபத்துமூன்று பேர். ரெஹானா யாரிடமும் கேட்காமல், வாடிக்கையாளர் எண்கள் இருக்கிற தெம்பமுது அலுவலகத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் போட ஆரம்பித்திருக்கிறாள். டாக்டர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டு, உடனே நிறுத்தித் தருகிறாள். இன்று பதினொரு பேர். நான்கு பேருக்கு டாக்டர் கூடாது என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் அவளிடம், "அந்தப் புள்ள எங்க? அவ நல்லாயிருக்காளா?" என்று விசாரித்தார்களாம்.

மீதி ஐம்பத்திரண்டில் பாதியை எனக்கு அனுப்பச் சொன்னேன். நாளை முதல் நானும் கூப்பிடுகிறேன், இந்த வராந்தாவிலிருந்து.

"அப்பா பேரை நான் எடுத்துடட்டுமா மேம்?" என்று கேட்டாள். சரி என்றேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று கையை ஆட்டினார். "சொல்லாமக் கொள்ளாம நிறுத்தினா மரியாதையா இருக்காது. நான் சொல்லிக்கிடுதேன்."

ஆகஸ்ட் 20, புதன்

நாளையிலிருந்து வேறு குரல். அதனால் இன்றே பேசிவிட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். காலைப் பரிசோதனை முடிந்து நர்ஸ் போனதும் போனை நெஞ்சின் மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். நான் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்தேன்.

"வணக்கம், தெம்பமுது. சாப்பிட்டீங்களா?"

"சாப்ட்டேன்" என்றார். பாப்பா என்று சேர்க்கவில்லை. நான் இருப்பதாலோ என்னவோ. நான்கு விநாடியும் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

நிறுத்தணும்னா போறேன்னு சொல்லுங்க என்றது.

"போறேன்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கையில் ஊசியோடு, அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். அவர் வாயைப் பொத்தலாம் போல இருந்தது. சாத்தூர் அம்மா ஏன் அப்படிப் பதறினார் என்று அப்போது தெரிந்தது. அதை நான் ஒரு முத்து என்று எழுதி வைத்திருக்கிறேன்.

"அட, போறேன்னு சொல்லலாமா? போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

"இல்ல. போறேன்."

"நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா?"

அப்பா போனைக் கையில் எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இல்ல பாப்பா. நீ ஒரு தப்பும் பண்ணல."

அதற்கு அது புரியாது. புரியாத பதில் வந்தால் திரும்பக் கேட்கும்படி நான்தான் வைத்திருந்தேன். "நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா?"

"இல்லன்னு சொல்லுதேன்லா."

"நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா?"

"பண்ணிட்டேன்ப்பா" என்றேன் நான்.

ஒரே குரல், ஒன்று போனிலிருந்து, ஒன்று ஸ்டூலிலிருந்து. அப்பா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அழுதுவிட்டேன், சத்தம் போட்டே. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அப்பா என் தலையில் கையை வைத்துக்கொண்டு, போனிடம் மூன்றாவது தடவை நிதானமாகச் சொன்னார்.

"போறேன்."

"சரிங்க. உடம்பைப் பார்த்துக்குங்க." லைன் அறுந்தது.

போனை ஓரமாக வைத்தார். என் தலையிலிருந்த கையை எடுக்கவில்லை. ஓர் இருமல். பிறகு கேட்டார்.

"நீ சாப்ட்டியா?"

நாற்பத்தொரு தடவை கேட்டுப் பதில் வராத கேள்வி. இப்போதும் அவர் காத்திருந்தார். எனக்குக் குரல் எழும்ப நான்கு விநாடிக்கு மேலேயே ஆகியிருக்கும்.

"இல்லப்பா. இன்னும் சாப்பிடல."

"மணி பதினொண்ணு ஆவுது, இன்னுமா சாப்பிடல?" என்று அதட்டினார். இரண்டு மாதத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. "கீழ கேண்டீன்ல இட்லி இருக்கும். போயிட்டு வா."

போயிட்டு வரேன்ப்பா என்று சொல்லிவிட்டுக் கீழே போனேன். இரண்டு இட்லி சாப்பிட்டேன். இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தேன்.